சிதறிய கையேடுகள்: நன்னூல் நெறிநின்று ஓர் ஆய்வு

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவுக்குப் போகும் ஒருவரிடம் பழைய வழிக்குறிப்பு ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். துறைக்கு வந்து பாதை வரும்வரை நிற்க, என்கிறது குறிப்பு. (பாதை என்றால் இங்கே வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீர் கடக்கும் மிதவை.) 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்ததோடு பாதையின் உத்தியோகம் போயிற்று. குறிப்பில் எழுத்துப்பிழைகூட இல்லை. தேதிதான் இல்லை. எனவே அன்னார் துறையில் நின்றுகொண்டே இருப்பார். பக்கத்துப் பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும்.

திறந்த மூல வலைச்சட்டகங்களின் (இணைய மென்பொருள் எழுத உதவும் அடித்தளங்களின்), அவற்றின் மேல் எழுந்த மென்பொருள்களின் கையேடுகளைப் படித்துக் கணினி முன் உட்கார்ந்திருப்போரின் நிலையும் இதுவே என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். சான்றாக எடுத்துக்கொண்டது சஹானா. 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளைக் கடல் அள்ளிச் சென்றபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிய இலங்கை நிரலாளர்கள் பிஎச்பி மொழியில் அவசர அவசரமாக எழுதிய மென்பொருள் அது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது. பின்னாளில் பைதான் மொழியில், சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோ 2007இல் வெளியிட்ட வெப்டூபை சட்டகத்தின் மேல், சஹானா ஈடன் எழுந்தது. பெயர் ஒன்று, உடல் இரண்டு. முதல் உடலுக்கு எழுதிய குறிப்பை இரண்டாம் உடலில் பொருத்திப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்களுக்கு இக்கட்டுரை சமர்ப்பணம்.

இனி இலக்கணம். நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக நன்னூலில் பகுத்தார் பவணந்தி முனிவர். மூல நிரலே முதல்நூல். அதை வாசிப்பவர் அரியர். அதிகாரபூர்வக் கையேடு வழிநூல். விக்கிப் பக்கம், பயிற்சிப்பட்டறைப் படக்காட்சி, யாரோ ஒருவரின் மடிக்கணினியில் தூங்கும் கோப்பு, வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு வந்த விடை ஆகிய யாவும் சார்புநூல். முன்னவை இரண்டோடும் சிறிது ஒத்து, மற்றதில் திரிவதே சார்பு என்று முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டதற்கு நிரலாளர் சமூகம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் இங்கே குறைவின்றிக் கிடைக்கின்றன. ‘எளிதாக நிறுவுக’ என்று மட்டும் சொல்லி நகர்வது குன்றக் கூறல். பைதான் 2 போதும் என்று ஒரு பக்கமும் ஆகவே ஆகாது என்று மறு பக்கமும் சொல்வது மாறுகொளக் கூறல். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்ததை முதல் பக்கத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை, பாவம். தலைசிறந்தது சென்று தேய்ந்து இறுதல்: முதல் அதிகாரம் பத்துப் பக்கம், இரண்டாவது அரைப் பக்கம், மூன்றாவது ‘விரைவில்’. மயங்க வைத்தல் என்பது கற்பிக்கும் பாடத்தையும், செய்முறையையும், எடுத்துப் பார்க்கும் அகராதியையும், காரண விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் பிசைந்து வைப்பது. டானியேலே புரோசிடா என்பவர் இந்நான்கையும் பிரித்து வைக்கச் சொன்னார்; ஜாங்கோ சட்டகத்தின் கையேடு அப்பகுப்பில்தான் இருக்கிறது, அதனால் படிக்கவும் முடிகிறது.

ஆவணம் சிதைவதற்கு மேற்கோளாக ஒரு கல். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களால் கோட்டை கட்டினர். இரட்டை மீன் பொறித்த தமிழ்க் கல்வெட்டின் துண்டொன்று, பின்னர் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அக்கோட்டையின் வாயிலில் இன்றும் நிற்கிறது. சிதைந்த எழுத்துகளை ஆளுக்கொரு விதமாக நிரப்பிப் படிக்கிறார்கள். கல்லில் வெட்டியதற்கே இந்தக் கதி.

ஆவணம் சிதறுவதற்குச் சோம்பல் காரணமன்று என்பது என் துணிபு. கேள்வி எங்கே எழுகிறதோ அங்கேயே விடையும் சொல்லப்படுகிறது; கேட்டவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அடுத்தவர் கேட்டால், “தெரிஞ்ச ஆக்களிட்டக் கேளுங்கோ” என்று பதில் வரும். பிறகு ஒரு நல்ல மனிதர் கிளம்புகிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கிறேன் என்று புதிய பக்கம் ஒன்றைத் திறக்கிறார். நேற்றுவரை ஐந்தாக இருந்த இடங்கள் இன்று ஆறு.

ஆகவே சேர்ப்பவரைவிட நீக்குபவரே தேவை. எழுதினவர் பெயர் பங்களிப்பாளர் பட்டியலில் ஏறுகிறது. நீக்கினவருக்குத் திட்டுத்தான் கிடைக்கிறது. அவருக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்குக. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, பதிப்பெண், பொறுப்பாளர் பெயர் மூன்றும் இடுக. பழைய பக்கத்தின் முகவரியை மட்டும் அழிக்க வேண்டாம். வந்தவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவைத்தால் போதும். பழைய உரையைப் பதிப்பெண்ணோடு காப்பகத்தில் வைக்க: எங்கோ ஒரு கந்தோரில் அந்தப் பிஎச்பி சஹானாவை இன்னும் யாராவது ஓட்டிக்கொண்டிருக்கலாம்.