முதலிடம் யாருக்கு?

ஒரு பல்கலைக்கழகத்தின் தலைசிறந்த வீரர்களை வரிசைப்படுத்த ஆசைப்படுகிறவர்கள், லாஸ் ஏஞ்சலிஸ் யு.சி.எல்.ஏ. பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது உத்தமம். அங்கே ஜாக்கி ராபின்சனை முதலிடத்தில் வைக்காவிட்டால் அடிதடிதான். சரி, வைத்தாயிற்று. காரணம் எழுத வேண்டுமே! 1947இல் அமெரிக்கப் பேஸ்பாலின் நிறவேலியை உடைத்தவர். கல்லூரியில் நான்கு விளையாட்டு. 1940இல் நீளம் தாண்டுதலில் தேசியக் கல்லூரிச் சாம்பியன். அங்கே அவருக்குக் கைகொடுக்காத ஆட்டம் எது என்று பார்த்தால், சாட்சாத் பேஸ்பால். அந்த ஆண்டு மட்டைச் சராசரி 0.097. பத்து முறைக்கு ஒரு அடிகூடத் தேறவில்லை. பல்கலைக்கழகம் அவர் பெயரை எதற்குச் சூட்டியது? பேஸ்பால் மைதானத்துக்கு! 2014இல் எல்லா விளையாட்டிலும் ஓய்வு கொடுத்த 42ஆம் எண்ணோ, அவர் டாட்ஜர்ஸ் அணிக்குப் போன பிறகு அணிந்தது.

இரண்டாமிடம்? 1960 ரோம் டெகாத்லானில் ரேஃபர் ஜான்சனுக்குத் தங்கம், தைவானின் சி.கே. யாங்குக்கு வெள்ளி. இடைவெளி 58 புள்ளி. இருவரும் இதே வளாகம், ஒரே பயிற்சியாளர். கடைசி 1,500 மீட்டருக்கு முன் அந்தப் பயிற்சியாளர் ஜான்சனிடம் ‘யாங்கை ஒட்டியே ஓடு’ என்றார். யாங்கிடம் ‘அவனை விட்டு விலகி ஓடு’ என்றார். தரவரிசைக் குழுவுக்குத் தலைவராக இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இதே வளாகத்தின் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1988 சியோலில் எடுத்த 7,291 புள்ளிகளை ஹெப்டத்லானில் இன்னும் எவரும் தொடவில்லை. அதனாலென்ன, பட்டியல்காரர்கள் பெருந்தன்மையானவர்கள். ‘மகளிர் பிரிவில் முதலிடம்’ என்று தனியாக ஒன்று கொடுத்துவிடுவார்கள்.