ரத்தாக ஒரு ரயில் வேண்டும்

தண்டவாளப் பணியால் ரயில் ரத்து என்று புலம்புகிறவர்கள் பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். இங்கே எந்த ரயிலும் ரத்தாவதில்லை. ரத்துசெய்ய ஊருக்குள் ஸ்டேஷனே கிடையாது. பெங்களூரு புறநகர் ரயிலுக்குப் பிரதமர் 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார். 148 கி.மீ., 40 மாதங்களில் தயார் என்றார்கள். 2025 அக்டோபரில் முடிந்தன, மாதங்கள் மட்டும். அதிலும் கனகா வழித்தடம் இந்தப் பக்கம் வராமல் ஹீலலிகேயோடு நின்றுவிடுகிறது. அத்திபெலேக்காரருக்கு வாய்த்தது ஓசூர் ரோடும் டோல்கேட்டும்தான். அங்கே தாமதம் தாராளமாக உண்டு, வருத்தம் தெரிவிக்கத்தான் ஆளில்லை.

கட்டும்போது கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்பார்கள். நியாயம்தான். ஓடும் ரயிலுக்கு நடுவே தண்டவாளம் போடுவது ஆபத்து, நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆட்சேபம் வேலைமேல் அல்ல, காலண்டர்மேல். சென்னையில் கடற்கரை–எழும்பூர் நான்காம் பாதைக்காக 2023 ஆகஸ்ட்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். கடற்கரைக்கு மறுபடி வண்டி போனது 2024 அக்டோபர் கடைசியில். நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பதினான்கு மாதம்! தவறிப்போக ஒரு தேதியாவது கொடுத்தார்களே என்று அத்திபெலே ஏங்கலாம். ஆனால் சென்னையில் சொன்ன காரணத்தையும் கேளுங்கள்: கடற்படை நிலம் கைக்கு வரத் தாமதமாம். அது அண்டை நாட்டுக் கடற்படை அல்ல, நம்முடையதுதான்.