கோடைக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: கோடை விடுமுறையில் படிக்க இருபது புத்தகங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பதினேழைத் திரும்ப அலமாரியில் வைப்பதிலிருந்து! அக்னி நட்சத்திர மதியங்களில் மூன்று முடித்தாலே பெரிய காரியம். முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் குடத்தோடு அல்லாடும் ஜமுனாவைப் படித்தபின் குழாயைத் திறந்துபோட்டுப் போக மனசு வராது. அடுத்து பூமணியின் 'வெக்கை' (1982). இதிலிருந்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்தாச்சே என்று தள்ளிவிடாதீர்கள். கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளியும் பதினைந்து வயது சிதம்பரம் அங்கே எதைத் தின்கிறான், எப்படித் தூங்குகிறான் என்பதெல்லாம் நாவலில்தான் நிதானமாக வருகிறது. மூன்றாவது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தலையணை கனம்தான். ஆனால் 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது என்பதால் தினம் ஓர் அத்தியாயம் போதும். சுவடி தேடி அவர் அலைந்த ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுக்காமலே போய்வரலாம்.