துரைக்கு வயிறு சரியில்லை

ஏழாயிரம்பண்ணையில் மனுஷருக்கு வயிற்றுக் கோளாறு என்றால் சாத்தூருக்குப் போவதா, சிவகாசிக்கா, கோவில்பட்டிக்கா என்று வீட்டுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். நாய்க்கு என்றால் அந்தத் தொல்லை கிடையாது. வைத்தியர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பட்டாசு ஆலை வேனுக்காகத் தூக்குவாளியோடு நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நாயின் குடல் அத்துப்படி. மிச்சமுள்ள ஒருவர் நாய் வளர்ப்பவர். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாது என்பது ஊர் முடிவு.

எங்கள் நாயின் பெயர் துரை. 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்த கையோடு கும்பினிக்காரன் பறித்துக்கொண்ட பாளையங்களில் எங்கள் ஊரும் ஒன்று. அந்தக் கடுப்பு அய்யாவுக்கு இன்னும் ஆறவில்லை. "தொரை, எந்திரிச்சு வெளிய போ" என்று தினமும் வாய் நிறையச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெயரை வைத்தார். துரையும் பெயருக்கேற்றபடி, சொன்னதும் எழுந்து வெளியே போனதில்லை.

ஜாதியில் துரை சிப்பிப்பாறை. அந்தச் சிப்பிப்பாறை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ஒடுங்கிய வயிறு, இறங்கிய நெஞ்சு, நீண்ட கால், முயல் விரட்டப் பிறந்த உடம்பு. 2020-ல் மத்திய அரசின் கர்னால் விலங்கு மரபணு நிறுவனம் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவேட்டில் ஏற்றியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் என்று மூன்றைத்தான் ஏற்றியது. அய்யா இதைப் பத்திரிகையில் படித்தார். அன்று முதல் துரைக்குப் பழைய சோறு நின்றுபோயிற்று. எனக்கு நிற்கவில்லை.

இப்பேர்ப்பட்ட துரை ஒரு காலையில் தட்டுச் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் இது கடிகாரம் நின்ற செய்தி. உதட்டை நக்குகிறான், எச்சில் விழுங்குகிறான், மறுபடி நக்குகிறான். பிறகு முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி, கோயில் வாசலில் விழுந்து கும்பிடுகிறவர் பாதியில் மறந்துபோனதைப் போல அப்படியே நின்றான். வீட்டில் சாமி படம் இருக்கும் திசையாகவும் அமைந்துவிட்டது. "பாத்தியா, ஜீவராசிக்குக்கூட பக்தி வந்திருச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அய்யா. நாய் விளையாடக் கூப்பிடும்போதும் இப்படி நிற்கும். ஆனால் அப்போது வாலும் சேர்ந்து ஆடும். வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு இப்படி நிற்கிற நாய்க்கு வயிறு வலிக்கிறது என்று பொருள்.

பக்தி முற்றி வாந்தியில் முடிந்தது. விலாவும் வயிறும் குலுங்கக் குலுங்க எக்கி, வாசலில் கக்கினான். கொழகொழவென்று, வெள்ளையாக, அதில் லேசாக நீலம் ஓடியது.

அந்த நீலம் தெருவைக் கூட்டிவிட்டது. "வெசம் ஏறிருச்சு, பாம்பு கடிச்சிருக்கும்" என்றார் ஒரு அண்ணாச்சி. "பாம்பு கடிச்சா நாய்தான் நீலமாகும், வாந்தி எதுக்கு ஆகுது?" என்று இன்னொருவர் சட்டம் பேசினார். ஒரு மதினி மிளகாயும் உப்பும் எடுத்து வந்து கண்ணேறு கழித்துவிட்டுப் போனார். அதனால் துரைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அதன் பிறகு வந்த யோசனைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பூண்டை நசுக்கிப் போடச் சொன்னார் ஒருவர். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிற சரக்கு. சாத்தூர் சேவை நாய்க்குப் போடக் கூடாது என்பதற்குக் காரத்தோடு பூண்டும் ஒரு காரணம். இன்னொருவர் தன் தலைவலிக்கு வைத்திருந்த பாரசிட்டமாலைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்து நீட்டினார். அது நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இடுப்புவலி மாத்திரைகளோ குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகம் வரைக்கும் போய்க் கதவைத் தட்டும். மூன்றாமவர் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஊத்தினா வாந்தி எடுப்பான்."

"இப்ப எடுத்துட்டுத்தான இருக்கான்?"

"இது தானா எடுக்கிறது. அது நாம எடுக்க வைக்கிறது" என்றார். வித்தியாசம் புரிந்தவர்களாக இரண்டு பேர் தலையாட்டினார்கள். உப்புத் தண்ணீரை நாய் வாயில் ஊற்றினால் உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும். மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் போச்சு. தின்றது அரிக்கிற சரக்காக இருந்தால், கட்டாய வாந்தியில் அது மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை பொசுக்கும். நல்லவேளையாக அந்தச் சொம்பைத் துரையே காலால் தட்டிவிட்டான்.

கூட்டம் வாதாடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி மட்டும் துரையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு ரோஜா நிறத்தில் இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிசுபிசுவென்று காய்ந்திருந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும், கூடாரம் அடித்தாற்போல் நின்றால் அதுவும் தண்ணீர்ப் பஞ்சம்தான். அடுத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சு இறங்கிய நாய்களுக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாந்திக்கு எக்கி எக்கி ஒன்றுமே வராமல், வயிறு உப்பி விண்ணென்று ஆகி, நாய் நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரே நாளில், சில மணி நேரத்திலேயே ஆளை முடித்துவிடும். அறுவை சிகிச்சைதான் வழி. 'காலையில் பார்ப்போம்' என்பதற்கே அங்கே இடமில்லை. துரைக்கு வயிறு மெத்தென்று இருந்தது, எக்கினால் சரக்கும் வந்தது.

ஜுரம் பார்க்கலாம் என்று தெர்மாமீட்டரை எடுத்தேன். நாய்க்குச் சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். இந்தக் கணக்கு தெரியாதவர்கள் நல்ல நாயைப் படுக்கப்போட்டு நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்கள். நாய்க்குத் தெர்மாமீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னதும் கூட்டம் பாதி கலைந்தது. அந்தத் தெர்மாமீட்டர் இப்போது துரையின் தனிச்சொத்து. அய்யா அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். இருந்தும், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கையை வைத்துப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எதைத் தின்றான் என்பது மட்டும் தெரியவில்லை. மற்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு எலும்பு, மிட்டாய், எலிப்பாஷாணம் என்று பதில் வரும். எங்கள் பக்கத்தில் பட்டியல் கொஞ்சம் நீளம். பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும் வந்து, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, தசை துவண்டு, நெஞ்சுத் துடிப்பு தடுமாறும். பட்டாசில் பேரியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. குப்பைமேட்டில் கிடக்கிற பழைய வெடிக்கு யார் போய் அதைச் சொல்வது? தீக்குச்சித் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்யும். அப்போது ஈறு பழுப்பாகும். எங்களுக்கு நாயின் ஈறைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியது இதற்காகவும்தான்.

நாங்கள் இப்படி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை வந்தார். அனுதாபம் சொல்ல அல்ல. சண்டைக்கு.

"ஏய்யா, ஒந் தொரை பண்ணின காரியத்தப் பாத்தியா? ராத்திரி காய்ச்சி வச்ச பசை. விடிய எந்திரிச்சுப் பாக்கேன், சட்டியில கால்வாசி காணோம். அடிப்பக்கம் பூராம் நக்கு. நூறு கிராம் மைதா, சுண்டுவெரல் நகத்தளவு துத்தம், அளந்து போட்டுக் காய்ச்சினது. ஆறு மணிக்கு வாசத் தெளிக்க வரும்போது ஒந் நாயி வாயில வெள்ளையா ஒட்டியிருந்துச்சு, நாந்தான் பாத்தேன். இன்னிக்குக் கொழாய் சுத்த நான் என்ன செய்ய?"

அத்தை வீட்டில் ஆலைக்காகக் காகிதக் குழாய் சுற்றுகிறார்கள். வெறும் காகிதமும் மைதாப் பசையும்தான், வெடிச்சரக்கு கிடையாது. பசையை எலியும் பூச்சியும் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட், நீல நிறம். இரைப்பையை அரித்து உடனே வாந்தி வரவைக்கும், அந்த வாந்தியிலும் நீலமோ பச்சையோ தெரியும். எலிகள் படித்துத் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போய்விடுகின்றன. பதிவேட்டில் இடம்பெற்ற இனத்துக்கு அந்தப் படிப்பு இல்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனோம். அத்தையும் ஏறிக்கொண்டார், நஷ்டஈடு பேசி முடியவில்லை. அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு சினைப்பசுவும் நாலு வெள்ளாடும் இருந்தன. பசுக்காரர் துரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது என்ன கறக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

டாக்டர் துரையைத் தொடுவதற்கு முன் எங்களைத்தான் பரிசோதித்தார்.

"மருந்து ஏதும் தின்னுச்சா?"

"அதுக்குத்தானய்யா ஒங்ககிட்ட கூட்டிட்டு வந்திருக்கோம்" என்றார் அய்யா.

"நான் வெடிமருந்தைக் கேட்டேன்" என்றார் டாக்டர். "எப்ப தின்னுச்சு? எவ்வளவு? எத்தனை தடவை வாந்தி? தண்ணி குடிச்சா தங்குதா? வெளிக்குப் போச்சா, ரத்தம் இருந்துச்சா, தார் மாதிரி கருப்பா இருந்துச்சா? மூத்திரம்?"

தெருவில் அவ்வளவு பேசிய குடும்பம் வாயடைத்து நின்றது. அத்தைதான் பதில் சொன்னார். அதாவது, தம் புகாரை முதலிலிருந்து மறுபடி சொன்னார். எத்தனை மணி, எவ்வளவு பசை, எவ்வளவு துத்தம், எந்த நிறம். டாக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். ஒரு நாயின் நோய்க்குறிப்பு அவ்வளவு ஒழுங்காக அவருக்கு அன்று காலை கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்புள்ளவர்கள் நாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். நஷ்டப்பட்டவர்கள்தான் சட்டியைப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரி வாந்தியைக் கழுவிவிடும் முன் போனில் படம் எடுத்திருந்தாள். அதையும் வாங்கிப் பார்த்தார். துத்தத்தின் அளவு சிறியது, பெரும்பங்கும் வெளியே வந்துவிட்டது, பயமில்லை என்று வாந்தி நிற்க ஒரு ஊசியும், இரைப்பைக்கு மருந்தும், டிரிப்ஸும் போட்டார். தாமிரம் பின்னால் ஈரலிலும் ரத்தத்திலும் கைவைக்கும் என்பதால், மூத்திரம் சிவந்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னார். அதற்கு மேல் ஆனால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் எழுதிக் கொடுப்பாராம். அய்யா அன்றிலிருந்து துரையின் பின்னாலேயே ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் நடந்தார். அவருக்கு டாக்டர் சொல்லியிருந்த நடைப்பயிற்சி அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு தண்ணீர், அதுவும் கிண்ணம் நிறைய வைக்காமல் மடக்கு மடக்காக. அது தங்கினால் குழைய வடித்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி உப்பு, மஞ்சள், மசாலா எதுவுமில்லாமல் வேகவைத்த கோழியும், சிறிது சிறிதாகப் பல வேளை. போன மாதம் எனக்கு வயிறு கெட்டபோது வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இவ்வளவும் வளர்ந்த நாய்க்கான கதை. குட்டியாக இருந்து, வாந்தியோடு நாற்றமடிக்கும் ரத்தபேதியும் போனால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். அது பார்வோவாக இருக்கலாம். அந்த வைரஸ் 1978 வாக்கில் கிளம்பி இரண்டே ஆண்டில் உலகத்தைச் சுற்றி வந்தது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரைக்கும் தவணை தவறாமல் போடுகிற தடுப்பூசிதான் அதற்குக் காவல். குட்டியைப் பட்டினி போட்டு வைத்தியம் பார்க்கவும் கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

துரை தேறிவிட்டான். தட்டுச் சத்தம் கேட்டால் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறான். அத்தைக்கு அரைக் கிலோ மைதா வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்தேன். துத்தம் அவர்களே போட்டுக்கொள்வார்களாம். பசைச் சட்டிக்கு மூடி வாங்கித் தருவது யார் என்பதில்தான் பேச்சுவார்த்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.