சமையல் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வேங்கிக்கால் வாடகை அறைவாசிகளுக்கு ஓர் எளிய கையேடு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில், வேங்கிக்காலில் இருக்கிறது. அதனால் மாற்றல் உத்தரவும் ஒரு பெட்டியுமாக வந்து இறங்குபவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒற்றை அறை, பொதுக் குழாய், மூலையில் ஓர் அடுப்பு மேடை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா கேட்பார்: “சமைப்பீங்களா தம்பி?” தம்பி லேசாகச் சிரித்து, “நமக்கு அதெல்லாம் வராதும்மா” என்பார்.

அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். பட்டா மாறுதல் கோப்பு வராது என்று அதே தம்பி அலுவலகத்தில் ஒருநாளும் சிரிக்க மாட்டார். வராத கோப்பை மூன்றே மாதத்தில் வரவழைத்துவிடுவார். சமையலை மட்டும் ஆயுள் முழுக்க வராமல் பார்த்துக்கொள்வது தனிக்கலை. அதைக் கட்டிக்காக்க விரும்புவோருக்காகவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் கடைக்குப் போங்கள்

அடுப்பு பற்றவைக்கும் முன் பாத்திரக்கடைக்குப் போய்விடுவது நல்லது. ஒட்டாத சட்டி மூன்று, ஏர் ஃப்ரையர், வெங்காயத்தைக் கயிறு இழுத்து நறுக்கும் டப்பா, முட்டையை இதய வடிவில் பொரிக்கும் வளையம் எல்லாம் வாங்குங்கள். கற்கும் ஆர்வம் முழுவதும் பில் போடும்போதே தீர்ந்துவிடும்.

ஒரு குண்டான், ஓர் இரும்பு வாணல், மூன்று லிட்டர் குக்கர், ஒரு கத்தி, இரண்டு கரண்டி, ஓர் அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சாதம், குழம்பு, பொரியல், ரசம் நான்கையும் இவற்றிலேயே செய்துவிட முடியும். பிறகு பொருள் இல்லை என்று சொல்ல வாய்ப்பே இருக்காது.

2. விசிலை மட்டும் நம்புங்கள்

“துவரம்பருப்புக்கு எத்தனை விசில்?” என்று நாலு பேரிடம் கேளுங்கள். நாலு எண் வரும். நான்கையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

குக்கருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது முக்கியம். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் 120 டிகிரி வரை போகிறது. பருப்பை வேகவைப்பது அந்தச் சூடும் அது நிற்கும் நேரமும்தான். விசில் என்பது மிஞ்சிய அழுத்தம் வெளியேறும் சத்தம். தீ பெரிதாக இருந்தால் விசில் சீக்கிரம் சீக்கிரம் வரும். பருப்பு மட்டும் அப்படியே இருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுகிறவர்கள் இந்தக் கையேட்டைப் படிக்கத் தகுதி இழந்தவர்கள்.

பருப்பு கல்லாகவே இருக்க உறுதியான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, புளியை முதலிலேயே ஊற்றிவிடுவது. புளிப்பு ஏறினால் பருப்பின் செல்சுவர் இளகாது. இரண்டு, உப்புப் படியும் போர் தண்ணீரில் வேகவைப்பது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து பருப்பையும் இறுக்கிப் பிடிக்கும். குடிக்கிற தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்து, அப்புறம் புளி சேர்த்தால் குழைந்துவிடும். ஆபத்து.

3. அளவை அம்மாவிடம் கேளுங்கள்

ரசம் கொதிக்கும்போது போன் போடுங்கள்.

“அம்மா, உப்பு எவ்ளோ?”

“கொஞ்சம் போடுடா.”

“கொஞ்சம்னா?”

“பாத்துப் போடு.”

இங்கே கோபம் வரவேண்டும். ‘எங்கம்மாவுக்குச் சொல்லித்தரத் தெரியல’ என்று அறைத்தோழரிடம் முறையிட்டுவிட்டு அடுப்பை அணையுங்கள். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோதே அளவுகளை எழுதிக் கொடுத்துவிட்டார். புது மணமக்களுக்குச் சீராகவும், கடல் கடந்து போகிறவர்களின் பெட்டியில் துணையாகவும் போன புத்தகம் அது. அதை வாங்கி அலமாரியில் வையுங்கள். தலைப்பு இட்டிருக்கும் கட்டளையை மட்டும் கண்டுகொள்ள வேண்டாம்.

“பாத்துப் போடு” என்பது உண்மையில் முழுமையான பாடம். முதலில் குறைவாகப் போடு, கலக்கு, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார், தேவையென்றால் மறுபடி போடு. போட்ட உப்பை எடுக்க முடியாது, போடாததை எப்போது வேண்டுமானாலும் போடலாம். இதைப் புரிந்துகொண்டால் போன் செய்யக் காரணம் போய்விடும். ஆகவே ருசி பார்க்காமல் இறக்குங்கள். முதல் கவளத்தில் தெரிந்துகொள்வதில் ஒரு விறுவிறுப்பு இருக்கிறது.

4. தாளிப்பில் சமத்துவம் பேணுங்கள்

கடுகு, உளுந்து, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஐந்தையும் ஒரே கையில் அள்ளி ஆறிய எண்ணெயில் போடுங்கள். கடுகு வெடிப்பதற்குள் உளுந்து கருகும், பெருங்காயம் கசக்கும், எதிர்வீட்டில் தும்முவார்கள்.

வரிசை பார்த்துப் போடுவது மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுங்கள். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஓட்டை உடைத்தால்தான் வெடிக்கும். அதற்கு எண்ணெய் நன்றாகக் காயவேண்டும். உளுந்து சிவக்கச் சில நொடி, மிளகாய்க்கு அதைவிடக் குறைவு, பெருங்காயத்துக்கும் கறிவேப்பிலைக்கும் அடுப்பை அணைக்கும் நேரமே போதும். மொத்த விவகாரமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது, கொடுமை அதுதான்.

5. தினம் ஒரு புதுப் பதார்த்தம்

திங்கள் பனீர் பட்டர் மசாலா, செவ்வாய் ஹைதராபாத் பிரியாணி, புதன் பாஸ்தா, வியாழன் ஓட்டல். ஒன்றையும் இரண்டாம் முறை செய்யாதீர்கள்.

ஒரே மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னியை ஒரு வாரம் அரைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் தோல் கருகி மூக்கில் ஏறும். மூன்றாம் நாள் சின்னத் தீயில் வறுக்கக் கை பழகிவிடும். ஐந்தாம் நாள் புளி எவ்வளவு கிள்ளவேண்டும் என்று விரல் முடிவு செய்யும். இப்படித்தான் பலபேர் கெட்டுப்போனார்கள்.

இட்லி மாவு இன்னும் மோசமான ஆசிரியர். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கு மாறாது, காலம்தான் மாறும். சித்திரை வெயிலில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் அசையாமல் கிடக்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கும் குளிரும். நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். அதைவிட, பாக்கெட் மாவு வாங்கிவிட்டு மாவைத் திட்டுவது எளிது.

6. பௌர்ணமிக்குக் காத்திருங்கள்

மாதம் ஒருமுறை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தொன்னையில் பொங்கலும் புளிசாதமும் சாம்பார் சாதமும் கிடைக்கும். வயிறார உண்டு, “நூறு பேருக்குப் பொங்குறாங்க, என்ன ருசி!” என்று வியந்துவிட்டு வாருங்கள். அண்டாவுக்குப் பின்னால் வேர்த்து நிற்பவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவர் நீளக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதை நீங்கள் கண்டுவிடக்கூடும். மீதி நாட்களுக்கு ஓட்டல் இருக்கவே இருக்கிறது.

7. ஆன்மிகக் காரணம் சொல்லுங்கள்

திருவண்ணாமலையில் எந்தச் சோம்பலுக்கும் தத்துவம் கிடைக்கும். “உடம்பே பொய், இதில் உருளைக்கிழங்கு எதற்கு?” என்று கேட்டால் மறுபேச்சு வராது. துணைக்கு ரமண மகரிஷியையும் அழைக்கலாம். அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், அப்பளம் இட ஒத்தாசைக்கு வா என்று அம்மா அழகம்மாள் கூப்பிட, மகன் ‘அப்பளப் பாட்டு’ எழுதிக் கொடுத்தார். உளுந்தை உடைப்பதில் தொடங்கிப் பொரித்து எடுப்பது வரை ஒவ்வொரு படியும் அதில் ஆத்ம விசாரம். உங்கள் அம்மாவுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிற்பாடு செங்கம் சாலை ஆசிரமத்தில் அதே ரமணர் பல ஆண்டுகள் விடியுமுன்பே எழுந்து அடுக்களையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். அங்கே சமைத்த சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள் போன்றவர்கள் அவரிடம் வேலை கற்றதைத் தங்கள் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்கள். கீழே சிந்திய அரிசியைக்கூடப் பொறுக்கி எடுப்பார். எல்லாவற்றையும் துறந்தவர் அரிவாள்மனையைத் துறக்கவில்லை என்ற செய்தி உங்கள் அறைக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை

இவ்வளவு முன்ஜாக்கிரதைக்குப் பிறகும் சிலருக்குச் சமையல் வந்துவிடுகிறது. யாரும் போன் எடுக்காத ஓர் இரவில், பசியில், அடுப்புப் பக்கத்திலேயே நின்று கிளறியிருப்பார்கள். பக்கவிளைவுகள் கடுமையானவை. ஓட்டல் சாம்பாரில் குறை தெரியும். நாற்பது வருடமாக ஒருவர் தினம் மூன்று வேளை இதைச் செய்தார் என்பதும், அவருக்கு யாரும் கையேடு எழுதித் தரவில்லை என்பதும், ‘வராது’ என்று சிரிக்க அவருக்கு ஒருநாள்கூட அனுமதி இல்லை என்பதும் உறைக்கும். அடுத்த முறை அம்மா வேங்கிக்காலுக்கு வந்தால் அவர் உட்கார, நீங்கள் பரிமாற நேரிடும். அவருக்குப் பழக்கமில்லை, இரண்டு முறையாவது எழுந்து அடுப்புப் பக்கம் வரப் பார்ப்பார். விடாதீர்கள்.