என் பேத்தியை வெப்பமானியாகச் சேர்த்துக்கொள்ளவும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், சென்னை.

பெறுநர்:
வெயிலுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.
(எந்தத் துறை என்று தெரிந்தவர்கள் உரிய மேசையில் சேர்ப்பிக்கவும்.)

பொருள்: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியை வெப்பமானியாகப் பணியமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1792-லேயே வானாய்வுக்கூடம் வைத்தார்கள். இன்றைக்கும் சென்னையின் வெயிலை நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் சொன்னால்தான் நம்புகிறோம். அந்த வெயிலை அளக்கும் வெப்பமானி எப்படி வைக்கப்படவேண்டும் என்ற விதிகளை அண்மையில் படித்தேன். படித்ததிலிருந்து பொறாமையில் தூக்கமில்லை.

அதன் மேல் வெயில் நேரே படக்கூடாதாம். அதற்கென்று தனி மரக்கூண்டு, வெள்ளைப் பெயின்ட், இரட்டைக் கூரை. காற்று வரலாம், சூரியன் வரக்கூடாது என்று நாலு பக்கமும் சாய்வுப் பலகைகள். கதவு வடக்குப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். (வாஸ்து இல்லை, கதவைத் திறக்கும்போதுகூட வெயில் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்ற கரிசனம்.) கீழே புல்தரை. பக்கத்தில் சிமென்ட் தரையோ சூட்டைக் கக்கும் சுவரோ ஆகாது. தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரம்.

பேத்திக்கு ஏழு வயது. நாலடிக்கு ஒரு விரற்கடை குறைவு. ஆக, உயரத் தகுதி இருக்கிறது. குறைவது மற்ற வசதிகள்தான்.

அவள் வகுப்பு, பள்ளியின் மொட்டைமாடியில் தகர ஷீட் வேய்ந்து எழுப்பியது. மூன்று மின்விசிறிகள் உண்டு. கூரையிலிருந்து இறங்கும் அனலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாரபட்சமில்லாமல் பகிர்ந்து தருகின்றன. பள்ளி வாசலில் ஒரு புங்கமரம் நின்றது. சருகு கொட்டுகிறது, பேவர் பிளாக் பெயர்கிறது என்று போன வருஷம் வெட்டிவிட்டார்கள். இப்போது வாசல் படு சுத்தம். மூன்றரை மணிக்கு ஸ்கூட்டர் சீட்டில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் அவளை ஏற்றுகிறேன். அப்படியும் கால் பட்டதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சத்தம் போட்டது சீட்டா, பிள்ளையா என்று முதல் நாள் குழம்பிப்போனேன்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், 'இன்று 38 டிகிரி' என்கிறார்கள். அது கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்த வெப்பமானியின் வாக்குமூலம்.

வெப்ப அலை என்று அறிவிக்கவும் ஒரு கணக்கு உண்டாம். கடலோர ஊரென்றால் 37 டிகிரியைத் தொட்டால் மட்டும் போதாது. அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்கவேண்டும். சென்னைக்கு மே மாத இயல்பே 37-ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் 41-ஐத் தாண்டி அரை டிகிரி ஏறும்வரை இங்கே அடிப்பது சட்டப்படி அலையே இல்லை. ஊர் சூடாகச் சூடாக இயல்பும் ஏறும், அலையும் தள்ளிப்போகும். இவ்வளவு வசதியான கணக்கை என் சர்வீஸில் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. இதில் கடற்காற்றின் புழுக்கம் வேறு. வேர்வை ஊறுமே தவிர உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது.

இனி விண்ணப்பதாரரின் தகுதி. வெப்பமானிக்கு வேண்டிய தலையாய குணம், சூட்டைச் சட்டென்று காட்டுவது. அதில் சின்னப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. உடம்பின் எடைக்குத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் வெளியே இருக்கும் அனலை வேகமாக வாங்கிக்கொள்வார்கள். ஓடி ஆடும்போது உள்ளேயும் சூடு கூடுதலாக ஊறும். வேர்ப்பதோ குறைவு. தாகம் எடுத்தாலும் விளையாட்டு முடியாமல் வரமாட்டார்கள். பேத்திக்குப் பாதரசத்துக்குப் பதில் ரத்தம்: ஜூன் மாதம் பி.டி. பீரியடில் சில்லுமூக்கு உடைந்து சட்டைக் காலர்வரை இறங்கியது. கழுத்தில் வேர்க்குரு, முதுகில் வேனல்கட்டி, மாலையானால் நீர்க்கடுப்பு. இத்தனை அளவுகோல்கள் ஒரே கருவியில் தங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

அன்று உடம்பு கொதிக்கிறதென்று பள்ளியில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். வெயிலில் ஏறிய சூட்டுக்கு அந்த மாத்திரை கேட்காதாம். நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறவேண்டும். பேச்சு குழறினால் விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஒன்றுமே செய்யவில்லை என்று நன்றி கெட்டுப் பேசமாட்டேன். தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கேரளம் 2019-ல் அடித்த 'வாட்டர் பெல்' 2025-ல் நமக்கும் கேட்டது. ஆனால் பேத்தியின் பாட்டில் காலையில் போன மாதிரியே மாலையில் திரும்பி வருகிறது. கேட்டேன். "குடிச்சா ஒன்னுக்கு வரும் தாத்தா. அங்க ஒரே நாத்தம். கதவும் சாத்தாது." மணிக்குச் சுற்றறிக்கை போதும், தாழ்ப்பாளுக்கு டெண்டர் விடவேண்டுமே.

2023-ல் வெயிலுக்காகப் பள்ளி திறப்பை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். அதுவும் சரி. பிள்ளை வீட்டிலிருந்தால் குளுமையாக இருக்கும் என்பது அனுமானம். நாங்கள் குடியிருப்பது மேல்மாடி. பகல் முழுக்கக் குடித்த அனலைச் சுவர் ராத்திரியில்தான் கக்குகிறது. பதினொரு மணிக்குக் கை வைத்தால் தோசைக்கல். பேத்தி ஈரத்துண்டை விரித்து அதன்மேல் சுருண்டு கிடக்கிறாள்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றார்கள். பெரிய மனசு. ஆனாலும் விண்ணப்பதாரர் உயிரோடு இருக்கும்போதே கிடைக்கக்கூடியது ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறேன்.

அகமதாபாத்தில் 2010-ல் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு கூரைக்கு நேர் கீழே, மேல்மாடியில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். சூட்டால் தீவிர சிகிச்சைக்குப் போகும் பச்சைக்குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. புது மருந்தில்லை, மெஷினில்லை. படிக்கட்டில் இறங்கினார்கள், அவ்வளவுதான். இதுபோன்ற ஆடம்பரச் செலவுகளை நான் கோரவில்லை.

வெப்பமானிக் கூண்டை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். அவர் வீட்டிலும் ஒரு நோஞ்சான் பிள்ளை இருந்தது. பின்னாளில் 'புதையல் தீவு' எழுதியது அதுதான். எனவே கூண்டுக்குள் குழந்தையை வைப்பதற்கு அன்னார் ஆட்சேபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

சம்பளம் வேண்டாம். கூண்டு போதும். புல்தரை இருந்தால் பேத்தி சந்தோஷப்படுவாள்.

காலிப் பணியிடம் இல்லையென்றால் மாற்றுக் கோரிக்கை ஒன்று: ஒரே ஒரு நாள் அந்த வெப்பமானியைக் கூண்டிலிருந்து எடுத்து, அவள் வகுப்பில், இரண்டாவது பெஞ்சில், மதியம் இரண்டு மணிக்கு வைக்கவும். அது என்ன காட்டுகிறதோ அதை அன்றைய செய்தியில் வாசிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பேத்தியின் தாத்தா.

இணைப்பு:
1. உயரச் சான்று (கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடு, நிலையைப் பெயர்த்து அனுப்ப இயலவில்லை).
2. தண்ணீர்ப் பாட்டில் – 1. நிரம்பியுள்ளது.