வாசல் வெளிச்சம்

சம்பள நாளில் அப்பா சீட்டை வீட்டுக்குள் பிரிக்கமாட்டார். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டு வாசலுக்கு வந்து, தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டுக்கு முதுகைக் காட்டி, வெயில் தாளின் மேல் விழும்படி நிற்பார். எழுத்து பிடிபடும்வரை கை நீளும். அதற்கும் மசியாவிட்டால் இடக்கை விரல்களைச் சுருட்டி, நடுவில் கடுகளவு ஓட்டை விட்டு, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். 1984. அவருக்கு 42 வயது, எனக்கு ஒன்பது. நான் ஓடிப்போய்ச் சீட்டை வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிடித்தம் இவ்வளவு, கையில் வருவது இவ்வளவு என்று கடகடவென்று படிப்பேன்.

"உள்ள இருக்கிற இருட்டு கண்ணைத் தின்னுடுச்சுடா" என்பார். நான் நம்பினேன். அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. கூண்டில் இறங்கி, தலைவிளக்கு ஒன்றை நம்பி ஷிப்ட் முழுக்க வேலை செய்கிறவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அப்பாவின் கண்ணுக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தபோது அவர் இல்லை. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லையைச் சுற்றி வளையம்போல ஒரு தசை. இரண்டையும் இணைப்பவை மெல்லிய இழைகள். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது தசை ஓய்ந்திருக்கும். இழைகள் விறைத்து வில்லையைத் தட்டையாக இழுத்து வைத்திருக்கும். சீட்டைக் கிட்டே கொண்டுவந்தால் தசை சுருங்கும், இழை தளரும், வில்லை தானாகவே உப்பிக்கொள்ளும். உருமாறுவது வில்லைதான் என்று 1801-இல் தாமஸ் யங் காட்டினார். அதற்காகத் தன் கண்ணையே தண்ணீரில் முக்கிப் பார்த்தார். கண்ணின் வெளிப்படலம் ஒளியை வளைக்கும் வேலை தண்ணீரில் அடங்கிப்போன பிறகும் கிட்டே பார்க்க முடிந்தது.

இந்த வில்லை வெங்காயம் மாதிரி. ஆயுள் முழுக்க மேலே புதுத் தோல் ஏறுகிறது, உள்ளே இருக்கும் பழசு உதிர்வதில்லை. நெருங்கி நெருங்கி இறுகுகிறது. தசை இழுத்துத் தளர்த்தினாலும் இறுகிய வில்லை உப்ப மறுக்கிறது. பத்து வயதில் ஏழெட்டு சென்டிமீட்டரில் தெளியும் எழுத்து, நாற்பதில் இருபதைத் தாண்டினால்தான் தெளியும். ஐம்பதில் நாற்பதுக்குப் போய்விடும். வெள்ளெழுத்து என்கிறோம். இங்கே கன்னடம் பேசுகிறவர்கள் வாயில் அது 'சாளீசு'. நாற்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பேர். சுரங்கத்துக்குள் இறங்கினவனுக்கும் வரும், பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வரும்.

ஆனால் வெளிச்சம் பற்றி அப்பா அறிந்திருந்தது சரி. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும். விரிந்தால் எழுத்து இன்னும் கலங்கும். வெயிலில் அது ஊசித்துளையாகச் சுருங்கி, சிதறும் கதிர்களைத் தடுத்துவிடுவதால் எழுத்து கூர்மையாகிறது. அந்த விரல் ஓட்டை செய்ததும் அதே வேலைதான். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் 1902-லேயே வந்து சேர்ந்த தங்கவயலில், என் அப்பா படிப்பதற்கு வெயிலைத் தேடி வாசலுக்குப் போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. கணக்கு முடித்த தாளையும் நான்தான் படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். போட்டதும் பேப்பரைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, தழும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "இத்தனை இருக்குதா?" என்றார். பதினேழு வருஷம் தாமதித்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஐம்பது. ஊரில் பலரைப்போல விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். செல்போனில் வரும் செய்தியை நான் கை நீட்டிப் பிடிக்க, என் பையன் பிடுங்கிப் படித்துக் காட்டிய நாளன்றே கண்ணாடி வாங்கிவிட்டேன்.

போன வாரம் பங்காருப்பேட்டை தாண்டியதும், எதிர் சீட்டில் ஓர் அம்மா மகளுடைய சட்டைக் கொக்கியைத் தைக்க ஊசியும் நூலுமாகப் போராடிக்கொண்டிருந்தார். கார்மெண்ட்ஸில் தையல் வேலையாம். "சாளீசு வந்துடுச்சுண்ணா. கண்ணாடி போட்டா இன்னும் கெட்டுடும்கிறாங்களே?"

கெடாது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை அதன் போக்கில் இறுகும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2018-இல் வெளியானது. வாசிப்புக் கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலை, கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கையால் பிழைக்கிறவர்களுக்கு இது கூலிக் கணக்கு. இதையெல்லாம் ரயிலில் எப்படிச் சொல்வது? என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

தயங்கித்தான் போட்டார். நூல் முதல் தடவையிலேயே ஊசிக் காதுக்குள் போனது. கொக்கியைத் தைத்து முடித்தார். பிறகு சட்டையைத் திருப்பி, பழைய தையல்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மாலூர் வரைக்கும் நான் கண்ணாடியைக் கேட்கவில்லை.